ஹியெச்சோ: காஞ்சி வழி வந்த ஆசிரியரின் கொரிய மாணவர்

ஹியெச்சோ (ஏறத்தாழ கி.பி. 704 – 787) கொரியாவின் சில்லா அரசைச் சேர்ந்த பௌத்தத் துறவி, இந்தியாவைச் சுற்றிப் பார்த்துப் பயணக் குறிப்பு எழுதிய கொரியர். கி.பி. 723 முதல் 727 வரை கடல் வழியாகவும் தரை வழியாகவும் பயணம் செய்தார். அவர் எழுதிய நூல் "ஐந்து இந்திய நாடுகளுக்குச் சென்று வந்த குறிப்பு" என்னும் பொருள்படும் தலைப்பைக் கொண்டது. 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவும் நடு ஆசியாவும் எப்படி இருந்தன என்பதை நேரில் கண்டு எழுதிய மிகச் சில சான்றுகளுள் இதுவும் ஒன்று.

ஹியெச்சோவின் ஆசிரியர் வச்சிரபோதி, பல்லவர் தலைநகரான காஞ்சிபுரத்தில் தங்கியிருந்து, அங்கிருந்து சீனா சென்றவர். இதனால் ஹியெச்சோவின் வரலாறு காஞ்சிபுரத்தின் வரலாற்றோடும் இணைகிறது. கொரியாவுக்கும் காஞ்சி வட்டாரத்துக்கும் உள்ள உறவு மோட்டார் வாகனத் தொழிற்சாலைகளோடு தொடங்கியதாகப் பலர் நினைக்கின்றனர். அதன் தொடக்கம் 1,300 ஆண்டுகளுக்கு முற்பட்டது.

சில்லா நாடு

இன்றைய கொரியத் தீபகற்பத்தின் பெரும்பகுதியை 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒன்றிணைத்த அரசு சில்லா. அதன் தலைநகர் இன்றைய கியோங்ஜு. அந்நாட்டுக்கு "கியேரிம்" என்ற பெயரும் உண்டு. "சேவல் காடு" என்பது அதன் பொருள். அந்நாட்டு இளைஞர்கள் கல்வி கற்கக் கடல் கடந்து சீனாவின் தாங் பேரரசுக்குச் செல்வது வழக்கமாக இருந்தது. துறவிகளில் சிலர் சீனாவோடு நிற்காமல், புத்தர் பிறந்த மண்ணைக் காணப் புறப்பட்டனர்.

சீனத் துறவி இட்சிங், 7ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குப் புறப்பட்ட துறவிகளின் வாழ்க்கைக் குறிப்புகளைத் தொகுத்துள்ளார். அதில் சில்லா நாட்டவர் பலர் இடம்பெறுகின்றனர். ஆரியவர்மன் என்ற வடமொழிப் பெயர் பூண்ட சில்லாத் துறவி நாலந்தாவில் தங்கிப் படித்து, ஊர் திரும்ப விரும்பியும் இயலாமல் அங்கேயே காலமானார். பெயர் குறிக்கப்படாத வேறு இருவர் சுமத்திராத் தீவை எட்டியபோது நோயுற்று இறந்தனர். இத்தகைய பயணத்தில் வீடு திரும்புவோர் குறைவு என்பதை அறிந்துகொண்டுதான் அடுத்த தலைமுறையினர் புறப்பட்டனர். அவர்களில் ஒருவர் ஹியெச்சோ.

அக்காலக் காஞ்சிபுரம்

ஹியெச்சோவுக்கு ஏறத்தாழ 80 ஆண்டுகளுக்கு முன், கி.பி. 640 அளவில், சீனப் பயணி யுவான் சுவாங் காஞ்சிபுரம் வந்தார். நகரில் 100க்கும் மேற்பட்ட பௌத்த மடங்களும் ஏறத்தாழ 10,000 துறவிகளும் இருந்ததாக அவர் எழுதியுள்ளார். நாலந்தாவின் தலைமை ஆசிரியராக விளங்கிய தருமபாலர் பிறந்த ஊர் காஞ்சி என்பதையும் குறிப்பிட்டுள்ளார். இலங்கைக்குச் செல்லக் காத்திருந்த அவரிடம், அங்கிருந்து தப்பி வந்த துறவிகள் பஞ்சத்தையும் குழப்பத்தையும் எடுத்துச் சொல்லவே, அவர் இலங்கைப் பயணத்தைக் கைவிட்டார்.

8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காஞ்சியை ஆண்டவர் இராசசிம்மன் எனப்படும் இரண்டாம் நரசிம்மவர்மன். காஞ்சி கைலாசநாதர் கோயிலும் மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலும் இவர் காலத்தவை. சைவரான இவ்வரசர் பௌத்தர்களையும் ஆதரித்தார். கி.பி. 720இல் இவருடைய தூதுக்குழு தாங் பேரரசை அடைந்ததைச் சீன அரச வரலாறு பதிவு செய்துள்ளது. அரசரின் யானைப் படைக்கும் வீரர்களுக்கும் சிறப்புப் பெயர் ஒன்றைப் பேரரசர் வழங்கினார். சீனாவை மதித்து அரசர் கட்டிய கோயிலுக்கும் பெயர் எழுதி அனுப்பினார்.

இன்று காஞ்சியில் அந்தப் பௌத்த மடங்கள் எதுவும் இல்லை. ஆனால் கருக்கினில் அமர்ந்தவள் அம்மன் கோயில் போன்ற இடங்களில் பழைய புத்தர் சிலைகளைக் காணலாம். காமாட்சி அம்மன் கோயிலில் கிடைத்த உயரமான புத்தர் சிலை சென்னை அருங்காட்சியகத்தில் உள்ளது. மணிமேகலைக் காப்பியத்தில் கதைத்தலைவி இறுதியாக அறம் கேட்டுத் தவம் மேற்கொள்ளும் ஊரும் காஞ்சியே.

ஆசிரியர் வச்சிரபோதி

வச்சிரபோதியின் (671 – 741) பிறப்பைப் பற்றிச் சீன நூல்கள் இரு வகையாகக் கூறுகின்றன. ஒரு குறிப்பு அவரைத் தென்னிந்திய அந்தணர் குடும்பத்தவர் என்றும், தந்தை காஞ்சி அரசரின் ஆசிரியர் என்றும் சொல்கிறது. மற்றொன்று அவரை நடு இந்திய அரச குடும்பத்தவர் என்கிறது. அவர் இளமையிலேயே நாலந்தாவில் கற்றார், பின்னர் தென்னிந்தியாவில் தங்கினார் என்பதில் வேறுபாடு இல்லை.

அவர் காஞ்சிக்கு வந்தபோது மூன்றாண்டு வறட்சி நிலவியது. நரசிம்மவர்மன் அவரை வரவேற்று மழைக்காக வேண்டுமாறு கேட்டதாகவும், வேண்டுதலுக்குப் பின் மழை பெய்ததாகவும் வாழ்க்கைக் குறிப்பு கூறுகிறது. வேண்டினால் மழை வருமா என்பது நம்பிக்கையைச் சேர்ந்தது. ஏரிப் பாசனத்தை நம்பிய தொண்டை நாட்டில் மூன்று ஆண்டுகள் மழை பொய்த்தால் நிலைமை எப்படியிருக்கும் என்பது அவ்வட்டாரத்து உழவர்களுக்கு விளக்கத் தேவையில்லாதது.

பின்னர் வச்சிரபோதி இலங்கை சென்று சிவனொளிபாத மலையில் ஏறி வழிபட்டுத் திரும்பினார். சீனா செல்ல விரும்புவதை அரசரிடம் தெரிவித்தபோது, பௌத்த நூற்படி ஒன்றையும் பரிசுப் பொருள்களையும் கொடுத்துத் தம் படைத்தலைவர் ஒருவரையும் அரசர் உடன் அனுப்பினார். இலங்கையில் இருந்து 30க்கும் மேற்பட்ட பாரசீக வணிகக் கப்பல்களுடன் பயணம் தொடங்கியது. சுமத்திராவின் ஸ்ரீவிசய நாட்டில் சில மாதங்கள் தங்கினர். அதன் பின் எழுந்த புயலில் கப்பல்கள் சிதறிப்போக, வச்சிரபோதி இருந்த கப்பல் மட்டும் தப்பியதாகக் குறிப்பு சொல்கிறது. கி.பி. 719இல் அவர் தென்சீனத் துறைமுகமான குவாங்சோவை அடைந்தார்.

அக்காலத்தில் சீனாவில் இருந்த இளம் ஹியெச்சோ அவருக்கு மாணவரானார். ஆசிரியரின் தூண்டுதலாலேயே அவர் இந்தியாவுக்குப் புறப்பட்டார் என ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். புறப்பட்டபோது அவருக்கு வயது ஏறத்தாழ 20.

பயணத் தடம்

ஹியெச்சோ தென்சீனத்திலிருந்து கப்பலேறித் தென்கிழக்கு ஆசியா வழியாகக் கிழக்கிந்தியாவை அடைந்தார் எனக் கொள்ளப்படுகிறது. நூலின் முதற்பகுதி அழிந்துவிட்டது. ஆயினும், ஹுயிலின் என்ற துறவி தொகுத்த பழைய அகராதி ஒன்று, ஹியெச்சோவின் நூலில் வரும் அரிய சொற்களுக்குப் பொருள் கூறுகிறது. அச்சொற்களுள் தென்கிழக்கு ஆசிய இடப்பெயர்கள் இருப்பதால் கடல் வழி உறுதிப்படுகிறது.

இந்தியாவில் அவர் சென்ற முக்கிய இடங்களும் பிறகு நாடு திரும்பிய வழியும் வருமாறு:

1. குசிநகரம், வாரணாசி, சாரநாத்து, ராஜகிருகம், புத்தகயை ஆகிய புனிதத் தலங்கள்.
2. நடு இந்திய அரசின் தலைநகரான கன்னோசி.
3. அங்கிருந்து தெற்கே மூன்று மாதத்துக்கும் மேலான நடை, தென்னிந்திய அரசு.
4. மேற்கிந்தியா, பின்னர் வடக்கே சலந்தர், காசுமீரம், காந்தாரம்.
5. பாமியான், துகாரம் ஆகிய இன்றைய ஆப்கானிஸ்தான் பகுதிகள்.
6. வாக்கான் பள்ளத்தாக்கு, பாமீர் மலைகள், கஷ்கர், இறுதியாக குச்சா.

குச்சாவை அவர் அடைந்தது கி.பி. 727ஆம் ஆண்டின் இறுதியில். நூலில் பாரசீகத்தையும் அரபு நாட்டையும் பற்றிய செய்திகளும் உள்ளன. அவற்றை அவர் நேரில் கண்டாரா, கேட்டு எழுதினாரா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.

தனிப் பயணியின் அன்றாடம்

யுவான் சுவாங்குக்கு அரசர்களின் ஆதரவும் புகழும் துணையாக இருந்தன. ஹியெச்சோவின் நூலில் அத்தகைய வரவேற்பு எதுவும் இல்லை. அவர் சாதாரண வழிப்போக்கராகவே நடந்திருக்கிறார். எனவே அரண்மனைச் செய்திகளைவிட வழியும் உணவும் விலங்குகளும் அவர் குறிப்புகளில் மிகுதி.

குசிநகரத்தில் புத்தர் மறைந்த இடம் மக்களின்றிக் காடாகக் கிடந்தது. வழிபடச் செல்வோரைக் காண்டாமிருகமும் புலியும் தாக்குவதுண்டு என்று எழுதுகிறார். வழிப்பறிக் கள்வர் மிகுதி. பொருளைப் பறித்துக்கொண்டு ஆளை விட்டுவிடுவர். பொருளைக் கொடுக்க மறுத்தால்தான் உயிருக்கு ஆபத்து என்றும் குறிப்பிடுகிறார். பயணிக்குப் பயன்படும் எச்சரிக்கையாகவே இது எழுதப்பட்டுள்ளது.

மக்கள் மண்பானையில் சோறாக்கி உண்பதும், இரும்புக் கொப்பரை இல்லாததும் அவருக்குப் புதுமையாகத் தெரிந்தன. நெய், பால், தயிர் உண்பதையும், சோயா அவரையில் செய்யும் குழம்புச் சாறு இங்கே இல்லாததையும் குறிக்கிறார். உப்பு உண்டு, ஊர்ச் சுவை இல்லை. வெளியூரில் நெடுநாள் தங்கியவர் எவரும் இதைப் புரிந்துகொள்வர். குற்றத்துக்குத் தண்டம் விதிப்பார்களே தவிர, சிறையிலடைப்பதும் அடிப்பதும் கொல்வதும் இல்லை என்று நீதிமுறையைப் பற்றியும் எழுதியுள்ளார்.

தென்னிந்தியா பற்றிய குறிப்பு

தென்னிந்திய அரசரிடம் 800 யானைகள் இருந்தன என்று ஹியெச்சோ எழுதுகிறார். நாடு பரந்தது; கிழக்கிலும் மேற்கிலும் தெற்கிலும் கடல் எல்லை. உடையும் உணவும் நடு இந்தியாவை ஒத்தவை, மொழி வேறு, வெப்பம் மிகுதி. பருத்தித் துணி, யானை, எருமை, மாடு ஆகியவை நாட்டின் விளைபொருள்கள். ஆடு குறைவு. ஒட்டகம், கோவேறு கழுதை, கழுதை இல்லை. நெல் வயல் உண்டு. தினை வகைகள் இல்லை. அரசரும் மக்களும் பௌத்தத்தை மிகவும் மதிப்பதாகவும், மடங்களும் துறவிகளும் நிறைய உள்ளதாகவும் கூறுகிறார். மலையைக் குடைந்து மூன்று அடுக்காக அமைத்த பெரிய மடம் ஒன்று கைவிடப்பட்டுக் கிடந்ததையும் குறிக்கிறார். அது நாகார்ச்சுனரின் காலத்தில் 3,000 துறவிகள் வாழ்ந்த மடம் என மக்கள் சொன்னார்களாம்.

இக்குறிப்பில் காஞ்சிபுரத்து வாசகரை வியக்க வைக்கும் செய்தி ஒன்று உண்டு. பட்டும் பட்டுப் பஞ்சும் ஐந்து இந்தியப் பகுதிகள் எதிலும் இல்லை என்கிறார் ஹியெச்சோ. இன்று பட்டு என்றாலே காஞ்சிபுரம் நினைவுக்கு வருகிறது. ஆனால் அந்நகரத்து ஆசிரியரின் மாணவர் எழுதிய நூலில் பட்டே இல்லை.

இதை எப்படிப் புரிந்துகொள்வது? சிலப்பதிகாரத்தில் புகார் நகரின் நெசவாளர் தெருவில் பட்டும் பருத்தியும் மயிரும் நெய்வோர் பேசப்படுகின்றனர். ஆகவே தமிழகத்தில் பட்டு அறியப்படாத பொருள் அன்று. பட்டுப்புழு வளர்ப்பும் பட்டும் வீட்டுக்கு வீடு இருந்த கிழக்காசியாவிலிருந்து வந்தவர், வழிநடந்த ஊர்களில் எங்கும் பருத்தியையே கண்டிருக்கலாம். பொதுமக்கள் உடுத்தியதை அவர் எழுதினார். கோயிலிலும் அரண்மனையிலும் இருந்தது அவர் கண்ணில் படவில்லை. காஞ்சியின் பட்டு நெசவு இன்றைய சிறப்பைப் பெற்றதை விசயநகரக் காலத்தோடு தொடர்புபடுத்துவர். இன்றும் காஞ்சிச் சேலைக்கான பட்டு நூல் பெரும்பாலும் கருநாடகத்திலிருந்தும், சரிகை சூரத்திலிருந்தும் வருகின்றன. உடலையும் கரையையும் தனித்தனி நாடாவால் கோத்து நெய்யும் "கோர்வை" முறையே காஞ்சி நெசவாளரின் தனிக் கைத்திறன்.

நிலவொளி இரவு

ஹியெச்சோவின் நூலில் ஐந்து கவிதைகள் உள்ளன. புத்தகயையை அடைந்த மகிழ்ச்சியில் ஒன்று, தென்னிந்தியாவில் ஒன்று, வட இந்தியாவில் இறந்துபோன துறவிக்காக ஒன்று, மலைநாட்டில் எதிரே வந்த சீனத் தூதரைக் கண்டபோது ஒன்று, பனி பெய்த நாளில் ஒன்று.

இவற்றுள் தென்னிந்தியக் கவிதை இன்று கொரியாவில் நன்கு அறியப்பட்டது. நிலா எறிக்கும் இரவில், ஊர்ப்பக்கம் போகும் மேகத்திடம் கடிதம் கொடுத்தனுப்ப விரும்புகிறார். ஆனால் காற்று அதற்குக் காத்திருக்கவில்லை. வெப்பமான இத்தென்திசைக்கு நாரைபோல் வலசை வரும் காட்டு வாத்தும் இல்லை. கிழக்காசிய இலக்கியத்தில் அப்பறவை தூது செல்லும் பறவை. ஆகவே கியேரிமுக்குச் செய்தி கொண்டுசெல்ல யாருமில்லை என்பதே கவிதையின் கருத்து. மேகத்தையும் நாரையையும் தூது விடும் மரபு தமிழருக்கும் உண்டு என்பதால் இதை விளங்கிக்கொள்வது எளிது.

வட இந்தியக் கவிதையின் பின்னணி துயரமானது. சலந்தர் பக்கத்து மலைமடம் ஒன்றில் சீனத் துறவி ஒருவர் இறந்த செய்தியை ஹியெச்சோ கேள்விப்படுகிறார். அத்துறவி நடு இந்தியாவில் நூல்களையெல்லாம் கற்றுத் தேர்ந்து, ஊருக்குத் திரும்பும் வேளையில் நோயுற்று மறைந்தவர். முன்பின் பார்த்திராத அம்மனிதருக்காக அவர் இரங்கல் பாடினார். அவருக்கு முன்னும் மலைகளும் பனியுமே இருந்தன.

காஞ்சிக்கு வந்தாரா?

கிடைத்துள்ள பகுதியில் காஞ்சி என்ற பெயர் இல்லை. அவர் கூறும் தென்னிந்திய அரசை வாதாபிச் சாளுக்கியரின் அரசு என்றே ஆய்வாளர் பலர் கொள்கின்றனர். மூன்று கடல் எல்லை, மலையைக் குடைந்த மடம் ஆகியவை தக்காணத்துக்குப் பொருந்தும். சாளுக்கியரும் பல்லவரும் நெடுங்காலப் பகைவர்கள். ஓரரசின் நாட்டிலிருந்து மற்றதற்குச் செல்வது எளிதாக இருந்திருக்காது.

மறுபுறம், இந்நூலில் "இவ்விடத்திலிருந்து இத்திசையில் இத்தனை நாள் நடந்தால்" என்று தொடங்கும் பகுதிகளை ஆசிரியர் நேரில் சென்ற இடங்களாகக் கொள்வது வழக்கம். தென்னிந்தியப் பகுதி அவ்வாறே தொடங்குகிறது. ஆகவே அவர் விந்திய மலைக்குத் தெற்கே வந்தார் எனலாம். காஞ்சிக்கு வந்தார் என்று சொல்ல நூற்சான்று இல்லை. சுற்றுலா விளம்பரங்களில் இவ்விரண்டும் ஒன்றாகக் கலக்கப்படுவதுண்டு. மாணவர்கள் இவ்வேறுபாட்டைக் கவனித்தல் வேண்டும். காஞ்சியோடு ஹியெச்சோவுக்கு உள்ள உறுதியான தொடர்பு, அவருடைய ஆசிரியர் வழி வந்த தொடர்பே.

போதிதருமரைப் பற்றிய செய்தியையும் இவ்வாறே பார்க்க வேண்டும். கொரியாவின் பெரிய பௌத்தப் பிரிவான சோக்யே மரபு தன் குரு வரிசையைப் போதிதருமர் வரை கொண்டு செல்கிறது. அவர் தென்னிந்திய அரசரின் மூன்றாம் மகன் என்று சீன நூல்கள் சொல்கின்றன. பழைய நூல் ஒன்று பாரசீகர் என்கிறது. அவரைக் காஞ்சிப் பல்லவர் எனக் கொள்வது பிற்கால மரபு.

பிற்கால வாழ்வு

குச்சாவிலிருந்து சீனத் தலைநகர் சாங்கானுக்குத் திரும்பிய ஹியெச்சோ, கி.பி. 733 முதல் வச்சிரபோதியிடம் நெருங்கிப் பயின்றார். ஆசிரியர் 741இல் மறைந்தார். அதன்பின் வச்சிரபோதியின் தலைமை மாணவர் அமோகவச்சிரரோடு பணியாற்றினார். 774இல் அமோகவச்சிரர் இறக்கும் முன் எழுதிய உயிலில், தம் மரபைக் காக்கும் ஆறு மாணவர்களுள் ஒருவராகச் சில்லா நாட்டு ஹியெச்சோவைக் குறிப்பிட்டார்.

அதே 774இல் சாங்கான் வட்டாரத்தில் மழை பொய்த்தது. பேரரசரின் ஆணைப்படி மலைச்சுனை ஒன்றின் கரையில் மழைக்காக வேண்டியவர் ஹியெச்சோ. மழை பெய்த பின் அவர் பேரரசருக்கு எழுதிய மடல் இன்றும் உள்ளது. காஞ்சியில் ஆசிரியர் செய்த பணியையே அரை நூற்றாண்டுக்குப் பிறகு மாணவர் சீனாவில் செய்தார்.

780இல் அவர் வுதாய் மலை மடத்துக்குச் சென்று நூல் ஒன்றுக்கு முன்னுரை எழுதினார். அங்கேயே காலமானார் எனக் கருதப்படுகிறது. நிலவொளியில் நினைத்து ஏங்கிய கியேரிமுக்கு அவர் திரும்பியதற்குச் சான்று இல்லை.

நூல் கிடைத்த கதை

ஹியெச்சோவின் நூல் நெடுங்காலம் பெயரளவிலேயே அறியப்பட்டிருந்தது. 1900இல் சீனாவின் துன்ஹுவாங் குகைகளில், சுவரெழுப்பி மூடப்பட்டிருந்த சிறு அறையில் ஆயிரக்கணக்கான சுவடிகள் வெளிப்பட்டன. 1908இல் அங்கு வந்த பிரெஞ்சு அறிஞர் பால் பெலியோ, முதலும் முடிவும் கிழிந்த சுருள் ஒன்றைக் கண்டார். அதில் நூற்பெயரும் இல்லை, ஆசிரியர் பெயரும் இல்லை. ஹுயிலினின் அகராதிச் சொற்களோடு ஒப்பிட்டு அது ஹியெச்சோவின் நூல் என அடையாளம் கண்டார். 1915இல் சப்பானிய அறிஞர் தகாகுசு ஜுன்ஜிரோ, ஹியெச்சோ சில்லா நாட்டவர் என்பதை நிறுவினார். அதுவரை கொரியருக்கே அவர் தம் நாட்டவர் என்பது தெரியாது.

எஞ்சியுள்ள பகுதி 227 வரிகள். ஏறத்தாழ 6,000 எழுத்துகள். சுருள் பாரிசில் உள்ள பிரான்சு தேசிய நூலகத்தில் பாதுகாக்கப்படுகிறது. 2010 திசம்பர் முதல் 2011 ஏப்ரல் வரை சியோல் தேசிய அருங்காட்சியகத்தில் அது காட்சிக்கு வைக்கப்பட்டது. எழுதியவர் திரும்பாத நாட்டுக்கு அவருடைய எழுத்து இரவலாக வந்து சென்றது.

புசான் கடற்கரைக் கோயில்

காஞ்சியோடு தொடர்புபடுத்தப்படும் மற்றொரு பயணி திசை மாறி நடந்தவர். தியானபத்திரர் என்ற இந்தியத் துறவி 1326இல் கொரியா சென்றார். கொரியர் அவரை சிகோங் என்பர். அவருடைய தந்தை மகத அரசர் என்றும், தாய் "இயாங்சி" நாட்டு இளவரசி என்றும் கல்வெட்டுச் செய்தி உண்டு. இயாங்சி என்பது காஞ்சியே எனச் சில அறிஞர்கள் கருதுகின்றனர்.

அவருடைய புகழ்பெற்ற கொரிய மாணவர் நாவோங். புசான் நகரின் கடலோரப் பாறைகள்மீது நிற்கும் யோங்குங்சா கோயிலை 1376இல் நிறுவியவர் நாவோங் என்பது கோயில் மரபு. அலைகள் அடிவாரத்தில் மோதும் இக்கோயில், புத்தாண்டு விடியலைக் காண மக்கள் திரளும் இடமாகும். மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலைப் பார்த்தவருக்கு இக்காட்சி அந்நியமாகத் தோன்றாது.

இன்றைய தனிப் பயணிக்கு

இன்று தமிழகத்திலிருந்து தனியாகக் கொரியா செல்லும் இளைஞர்களைக் கவர்பவை நகரங்களின் இரவுகளும் கடற்கரைகளும். இந்த இரவு வாழ்க்கை மிகப் பழையதன்று. 1945 முதல் 1982 சனவரி வரை தென்கொரியாவின் பெரும்பகுதியில் நள்ளிரவு முதல் விடியற்காலை 4 மணி வரை ஊரடங்கு இருந்தது. நள்ளிரவு நெருங்கியதும் பேருந்துக்கும் வாடகை வண்டிக்கும் மக்கள் ஓடுவது அன்றாடக் காட்சி. விடிய விடியத் திறந்திருக்கும் கடைகளும் உணவகங்களும் அத்தடை நீங்கிய பின் வளர்ந்தவை.

புசானில் ஹேயுண்டே, குவாங்கல்லி ஆகிய இரு கடற்கரைகள் புகழ்பெற்றவை. குவாங்கல்லிக்கு எதிரே கடல்மீது செல்லும் 7.4 கிலோமீட்டர் பாலம் 2003இல் திறக்கப்பட்டது. இரவில் அதன் விளக்குகள் நிறம் மாறும். சகல்ச்சி மீன் சந்தையில் அதிகாலையிலேயே வணிகம் தொடங்கிவிடும். மெட்ரோ நள்ளிரவு வாக்கில் நின்றுவிடுவதால் தனியாகச் செல்வோர் கடைசி வண்டியின் நேரத்தைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. பெரும் கூட்டங்களில் எச்சரிக்கை தேவை. 2022 அக்டோபர் 29 இரவு சியோலின் இத்தேவோன் பகுதிக் குறுகிய சந்தில் ஏற்பட்ட நெரிசலில் 159 பேர் உயிரிழந்தனர்.

ஹியெச்சோவின் நாட்டைக் காண விரும்புவோர் புசானிலிருந்து கியோங்ஜு செல்லலாம். கி.பி. 674இல் வெட்டப்பட்ட அரண்மனைக் குளமான வொல்ஜி இரவு விளக்கொளியில் காணத்தக்கது. அருகிலுள்ள போங்கில் கடற்கரையில், கரையிலிருந்து சற்றுத் தொலைவில் கடற்பாறைகளுக்கு நடுவே முன்மு அரசரின் நினைவிடம் உள்ளது. 681இல் மறைந்த அவ்வரசர், கடல் நாகமாகி நாட்டைக் காப்பேன் என்று கூறியதாகக் கதை. பௌத்த மடங்களில் பயணிகள் தங்கித் துறவியரின் அன்றாடத்தைக் கண்டறியும் திட்டம் 2002 முதல் நடைபெறுகிறது. தனியாகச் செல்வோருக்கு இது பாதுகாப்பான, அமைதியான தங்குமிடம். இரவு சீக்கிரம் உறங்கி அதிகாலை மணி ஓசைக்கு எழ வேண்டும்.

கொரியாவிலிருந்து வருவோருக்கும் காஞ்சி வட்டாரம் புதிதன்று. திருப்பெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் 1998இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் ஆலை 2007இல் வந்தது. அவ்வழியே செல்லும் நெடுஞ்சாலையில் கொரிய எழுத்துப் பலகைகள் தாங்கிய உணவகங்களைக் காணலாம். அங்கிருந்து கைலாசநாதர் கோயில் ஒரு மணி நேரப் பயணத் தொலைவுதான். திருச்சுற்று மதிலை ஒட்டிய 58 சிறு கோயில்களையும் மாலை வெயிலில் சுற்றி வரலாம். வச்சிரபோதியை வரவேற்று மழை கேட்ட அரசர் எழுப்பிய கோயில் அது. அவர் வழியனுப்பிய ஆசிரியரிடம்தான் ஒரு கொரிய இளைஞர் பாடம் கேட்டார்.